குடிக்கிற ஜலத்தில் எதைத் தேடுவது?

(சான்பாடாவில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஒரு உபன்யாசம் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு டாக்டர் வந்து சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுவார். இந்தத் தடவை செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "மாமா, உங்க பில்டிங்கில தண்ணி விஷயமா ஏதோ நடந்ததாமே, அதைப் பத்திப் பேசுங்கோ" என்றார். நடந்தது என்னுடைய தப்பு. அதைச் சொல்வதற்கு மேடை போட்டு மைக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. 1971-ல் வேலூரில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தேன். பிறகு மத்திய சர்க்கார் உத்தியோகம், முப்பத்தாறு வருஷம் ஃபைல். மாட்டுங்காவில் ஒண்டுக் குடித்தனம், ரிடையர் ஆவதற்குச் சில வருஷம் முன்னால் சான்பாடாவில் இந்த ஃப்ளாட். எங்கள் பில்டிங்கில் எனக்கு "கெமிஸ்ட்ரி மாமா" என்று பெயர். வாட்டர் டாங்கில் பாசி பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பூரி எண்ணெய் நுரைத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம். முனிசிபல் தண்ணீர் வெட்டு. டாங்கர்காரன் வைத்ததே விலை. எங்கள் சொஸைட்டியில் ஒரு போர்வெல் உண்டு. அதுவரை டாய்லெட்டுக்கும் செடிகளுக்கும் மட்டும்தான். கமிட்டியில், "மழை வரும் வரைக்கும் இதையே குடிதண்ணீர் டாங்கில் விட்டுவிடலாமே, மாமா பார்த்து ஓகே சொல்லட்டும்" என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். நானும் ஒரு பிஸ்லேரி பாட்டிலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, ஒரு லேபில் கொடுத்தேன். "குடிதண்ணீர் டெஸ்ட்" என்றேன். அவர்களும் அதையே எழுதிக்கொண்டார்கள். நாலு நாளில் ரிப்போர்ட் வந்தது. நிறம், மணம், கலங்கல், பி.ஹெச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃப்ளோரைடு, இரும்பு, கோலிஃபார்ம் கிருமி என்று பதின்மூன்று வரி. டி.டி.எஸ். 640. நம் இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 கரைந்த உப்புக்கு 500 மில்லிகிராம் என்று சொல்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத பட்சத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. மற்றதெல்லாம் வரம்புக்குள். நோட்டீஸ் போர்டில், "போர்வெல் தண்ணீர் முறைப்படி பரிசோதிக்கப்பட்டது. குடிப்பதற்கு உகந்தது" என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். கொஞ்சம் அழகாகவே போட்டேன் என்று நினைக்கிறேன்.

பதினோரு நாள் நாற்பத்தெட்டு குடும்பங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தன. பன்னிரண்டாம் நாள் லிஃப்டில் நாலாவது மாடிப் பெண் ஒருத்தி என்னைப் பிடித்தாள். மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவள். மடியில் குழந்தை.

"அங்கிள், அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். குரோமியம், லெட், மெர்குரி எல்லாம் எங்கே? சால்வென்ட் எங்கே? ரோடுக்கு அந்தப் பக்கம் முழுக்க எம்.ஐ.டி.சி.தானே?"

"ரிப்போர்ட்டில் இல்லை என்றால் தண்ணீரில் இல்லை என்றுதானேம்மா அர்த்தம்?"

"இல்லைன்னு அவா போடலையே அங்கிள். பார்க்கவே இல்லையே."

லிஃப்ட் நின்றுவிட்டது. அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் என் மாடிக்கு வந்த பிறகும் இறங்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

காரணம் உண்டு. காலேஜில் சால்ட் அனாலிஸிஸ் என்று ஒரு பிராக்டிகல் இருந்தது. இங்கே சயன்ஸ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பொட்டலத்தில் ஏதோ உப்பைக் கொடுப்பார்கள். முதல் குரூப், இரண்டாவது குரூப் என்று வரிசையாகச் சோதித்து, அதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். ஒரு தடவை நேரம் போதாமல் மூன்றாவது குரூப்பைச் செய்யாமலே "இல்லை" என்று எழுதிவிட்டேன். எங்கள் புரொஃபஸர் நோட்டைப் பார்த்தார். "செஞ்சு பார்த்தியா?" "இல்லை சார்." "பின்னே எப்படி 'இல்லை'ன்னு எழுதினே?" நான் விட்டுவிட்ட அந்தக் குரூப்பில் இருந்தது குரோமியம். பச்சை நிற வீழ்படிவு வந்திருக்க வேண்டியது. ஐம்பது வருஷம் கழித்து அதே தப்பை நோட்டீஸ் போர்டில் செய்திருக்கிறேன். காலேஜில் போனது மூன்று மார்க்கோடு போயிற்று.

அன்று இரவே வாட்ச்மேனைக் கூப்பிட்டு போர்வெல் வால்வை மூடச் சொன்னேன். நோட்டீஸையும் நானே கிழித்தேன். கமிட்டியில் கோபித்துக்கொண்டார்கள். "இத்தனை நாள் குடிச்சாச்சு, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் ஒருவர். இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் அங்கே போய் வருகிறேன்.

நான் பிறந்தது வாலாஜாபேட்டை. அதை ஒட்டினாற்போல ராணிப்பேட்டை. எழுபதுகளில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற கம்பெனியும் அப்போது வந்ததுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷெட்டுகளுக்கு வேண்டிய குரோமிய உப்பு அங்கே தயாரானது. அதற்கு குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுத்து, பிறகு தண்ணீர் விட்டுக் கரைத்து எடுப்பார்கள். கரைந்து வருவது சரக்கு. மிஞ்சும் சக்கை குப்பை. ஆனால் சக்கையில் கொஞ்சம் குரோமேட் தங்கிவிடும். அது தண்ணீரில் சுலபமாகக் கரையும் ஜாதி. அந்தச் சக்கையைக் கம்பெனி வளாகத்திலேயே திறந்த வெளியில் மலையாகக் கொட்டினார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். 1990களின் நடுவில் கம்பெனியை மூடிவிட்டார்கள். மலையை யாரும் மூடவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கரைந்து பூமிக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீர் மஞ்சளாயிற்று. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகத்திலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. செர்னோபிலோடு கூட ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. எங்கள் ஊர்ப் பெயர் உலகப் பேப்பரில் வந்தது அப்போதுதான்.

குரோமியத்தில் இரண்டு விதம் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது அவ்வளவு உபத்திரவம் இல்லை. குரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அதன் தூசியை சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது வெகு காலமாகத் தெரிந்த விஷயம். தண்ணீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க அரசு ஆய்வு 2008-ல் வெளியானது. வாயிலும் குடலிலும் கட்டிகள் வந்தன. இதெல்லாம் பதினோரு நாளில் வருவதில்லை. வருஷக்கணக்கில் வருவது. "யாருக்கு என்ன ஆச்சு" என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

கலிஃபோர்னியாவில் ஹிங்க்லி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு காஸ் கம்பெனி கூலிங் டவர் துருப்பிடிக்காமல் இருக்க இதே குரோமேட்டைப் போட்டு, அந்தக் கழிவு நீரை 1952 முதல் 1966 வரை வெறும் மண் குட்டையில் விட்டது. அது கிணறுகளுக்குப் போயிற்று. வழக்கு முடிந்தது 1996-ல், 33 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்ட ஈட்டோடு. 'எரின் ப்ரோகோவிச்' என்று சினிமாவே வந்தது. பேரன் பேத்திகள் பார்த்திருப்பார்கள். 1966-ல் விட்ட தண்ணீருக்கு 1996-ல் பணம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பூமிக்கு அடியில் இருக்கிற விஷயத்துக்கு அவசரமே கிடையாது.

அதே 1996-ல், ஆகஸ்ட் 28 அன்று, நம் சுப்ரீம் கோர்ட்டும் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலை வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. அந்தத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்குப்படி சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று. திண்டுக்கல் பக்கம் பதின்மூன்று கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன. அப்புறமும் முடியவில்லை. அதே பாலாற்றுத் தோல் கழிவுக்காக 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. சென்னையில் குரோம்பேட்டையில் இருக்கிற நம் உறுப்பினர்களுக்கு ஒரு தகவல்: உங்கள் ஊர்ப் பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான்.

இப்போது சான்பாடாவுக்குத் திரும்புவோம். 2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு மார்க் போட்டது. 70-க்கு மேல் வாங்கினால் மிக மோசம். பரீட்சைக்கு நேர்மாறு. நாற்பத்து மூன்று பகுதிகள் அப்படி வாங்கின. தமிழ்நாட்டிலிருந்து வேலூர் வடஆற்காடு, கடலூர், மணலி, கோயம்புத்தூர். மஹாராஷ்டிரத்திலிருந்து சந்திரபூர், டோம்பிவலி, ஔரங்காபாத், தாராபூர், அப்புறம் நம் நவி மும்பை. நான் பிறந்த இடமும் குடியிருக்கிற இடமும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. டோம்பிவலியில் நம் மனுஷாள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

பயப்பட வேண்டாம். நமக்கு வரும் முனிசிபல் தண்ணீர் இங்கிருந்து எடுப்பதல்ல. ராய்கட் மாவட்டத்தில் மோர்பே அணையிலிருந்து எடுத்து, போகர்பாடாவில் சுத்திகரித்துக் குழாய் வழியாக வருகிறது. என் கவலை போர்வெல்லும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத டாங்கரும்தான். ரோடுக்கு அந்தப் பக்கம் திகாவிலிருந்து நெருள் வரைக்கும் அறுபதுகளிலிருந்து கெமிக்கல் தொழிற்சாலைகள். நோசில், ஹெர்டிலியா என்று அந்தக் காலத்துப் பெயர்கள் இங்கே சிலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே வேலை பார்த்தவர்களே இந்தச் சபையில் உண்டு. யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை, அந்தக் கம்பெனிகள் நம்மில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. இன்று அந்தப் பகுதியில் பல இடங்களில் கண்ணாடி வைத்த ஐ.டி. கட்டிடம் நிற்கிறது. கட்டிடம் மாறினால் அடியில் இருக்கும் மண் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ராணிப்பேட்டைக் கம்பெனியும் மூடின கம்பெனிதான்.

அடுத்தது இந்த டி.டி.எஸ். மீட்டர். பேனா மாதிரி இருக்கும், பாதிப் பேர் வீட்டில் இருக்கிறது. இது தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து உப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. உப்புக் கரித்தால் நம்பர் ஏறும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதாவது ஒரே ஒரு கிராம் குரோமியம் இருபதாயிரம் லிட்டருக்கு, பெரிய டாங்கர் இரண்டுக்கு, போதும். மீட்டர் ஒன்று ஒன்றாக எண்ணுகிறது. வரம்பைப் போல் பத்து மடங்கு குரோமியம் இருந்தாலும் அரை மில்லிகிராம். மீட்டரில் கடைசி எண்கூட நகராது. ஈயத்தின் வரம்பு 0.01, பாதரசம் 0.001. பென்சீன், டிரைகுளோரோ எத்திலீன் மாதிரி கரைப்பான்கள் மின்சாரத்தையே கடத்தாது. மீட்டருக்கு அவை இருப்பதே தெரியாது.

எங்கள் வீட்டுக்கு ஒரு ஃபில்டர் கம்பெனிப் பையன் வந்தான். இரண்டு கம்ப்பித் துண்டு வைத்த ஒரு கருவியைக் குழாய்த் தண்ணீரில் வைத்து ஸ்விட்சைப் போட்டான். ஒரு நிமிஷத்தில் தண்ணீர் செங்காவி நிறமாயிற்று. அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரில் வைத்தான். நிறமே மாறவில்லை. "பாருங்க மாமி, இதைத்தான் தினமும் குடிக்கிறீங்க" என்றான். என் வீட்டுக்காரி பயந்து செக் புக்கையே எடுத்து வந்துவிட்டாள். அதே கருவியை ஆன்லைனில் வாங்கி இங்கே கொண்டுவந்திருக்கிறேன். இது ஆர்.ஓ. தண்ணீர். இதில் ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்புப் போடுகிறேன். இப்போது ஸ்விட்ச்.

(கண்ணாடித் தம்ளரில் இருந்த தண்ணீர் செந்நிறமாக மாறுவதை எல்லோரும் பார்த்தனர்.)

பார்த்தேளா? அந்தக் கம்பியில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும், துரு வரும். தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியின் துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் துரு வரவில்லை. அந்தப் பையனுக்கும் இது தெரியுமோ தெரியாதோ. பாவம், அவனுக்கு டார்கெட்.

இதை ஏன் காட்டினேன் என்றால், நம்மில் பலர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நம்புகிறோம். சில கேடு தெரிந்துவிடும். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து போர்வெல்லில் எண்ணெய் கலந்தது. அங்கே யாரும் லேபுக்குப் போக வேண்டியிருக்கவில்லை, வாளியை மோந்து பார்த்தாலே போதும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் வந்ததும் அப்படித்தான் ஜனங்களுக்கே தெரிந்தது. 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் மின் நிலையக் கம்பெனியை நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. ஆனால் குரோமியத்துக்கு வாசனை கிடையாது. கண்ணுக்கு மஞ்சள் தெரிய வேண்டுமானால் வரம்பைப் போல் பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். ஈயம், ஆர்செனிக், காட்மியம் எதற்கும் நிறமோ ருசியோ கிடையாது.

சரி, நான் பிறகு என்ன செய்தேன்? இரண்டாவது தடவை லேபுக்குப் போனபோது, "உலோகங்கள் பார்க்க வேண்டும்" என்றேன். ரிப்போர்ட்டில் குரோமியம், ஈயம், காட்மியம் எல்லாம் வரம்புக்குள். நிக்கல் மட்டும் 0.03. வரம்பு 0.02. கமிட்டியில் ஒரே கலவரம். எனக்கும் உள்ளூர, நாம் நினைத்தது சரிதான் என்று ஒரு அல்ப சந்தோஷம் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த லேபில் ஒரு வயசான கெமிஸ்ட் இருந்தார், மராத்திக்காரர். "எந்தக் குழாயில் பிடித்தீர்கள்?" என்று கேட்டார். காலையில் எழுந்தவுடன் பம்ப் ரூமில் இருக்கும் பளபளக்கும் குழாயில். அவர் சிரித்தார். பளபளப்பு என்பது நிக்கலும் குரோமியமும் பூசின முலாம். ராத்திரி முழுக்க அதில் தேங்கி நின்ற தண்ணீர் குழாயைத்தான் கரைத்துக் கொண்டுவரும். போர்வெல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மூன்றாவது தடவை, பம்பைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, போர்வெல் வாயிலேயே பிடித்தேன். நிக்கலும் வரம்புக்குள் வந்துவிட்டது. காலையில் முதல் தம்ளரைப் பித்தளைக் குழாயில் பிடித்துக் காப்பி போடுகிறவர்கள், ஒரு அரை நிமிஷம் தண்ணீரை விட்டுப் பிடிக்கலாம். அந்தத் தண்ணீரைத் துளசிக்கு விடுங்கள், வீணாகாது.

அந்தக் கெமிஸ்டிடம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது நாலு வருஷ காலேஜில் கற்றதை விட அதிகம். உலோகத்துக்குப் பிளாஸ்டிக் பாட்டில். அதில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டே கொடுப்பார்கள், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு மட்டும் அந்த அமிலம் விடக் கூடாது. ஐஸில் வைத்து ஒரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். டைஃபினைல் கார்பசைடு என்ற மருந்தை விட்டால் ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறம் வரும். அந்த நிறத்தின் ஆழத்தைக் கருவியில் அளப்பார்கள். கரைப்பான்களுக்குச் சின்னக் கண்ணாடிக் குப்பி. ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும், காற்று இருந்தால் ஆவியாகி அதில் போய்விடும். சயனைடுக்குக் காரம் சேர்க்க வேண்டும். கிருமிக்குச் சுத்தம் செய்த தனிப் பாட்டில். நான் பிஸ்லேரி பாட்டிலில் கொண்டுபோனதைக் கேட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். லேபே பாட்டில் கொடுக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். ரிப்போர்ட்டில் "பி.டி.எல்." என்று எழுதியிருந்தால், கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று அர்த்தம். நாமெல்லாம் அதைப் பூஜ்யம் என்று படிக்கிறோம். அந்த எல்லை என்ன என்று கேட்கிறோமா? குரோமியத்தின் வரம்பு 0.05. ஒரு லேபின் கருவிக்கு 0.1-க்குக் கீழே எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லேப் கொடுக்கிற "பி.டி.எல்." காகிதத்துக்குக்கூட உதவாது. அதே மாதிரி, "என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றது" என்று வாசலில் போர்டு இருக்கும். எந்தெந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் நமக்கு வேண்டியது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் சிலர் முறைப்பார்கள். சர்க்கார் ஆபீஸில் இருந்தவனுக்கு முறைப்பு புதிதல்ல.

கரைப்பான் டெஸ்டுக்குச் சில ஆயிரங்கள் ஆகும் என்றார்கள். கமிட்டி சாங்ஷன் செய்ய மறுத்துவிட்டது. பென்ஷனிலிருந்து நானே கட்டினேன். "தண்ணிக்கு இவ்வளவு பணமா? இதுக்கு ரெண்டு கிராம் தங்கம் சேர்த்திருக்கலாம்" என்றாள் என் சகதர்மிணி. அந்த ரிப்போர்ட்டும் வரம்புக்குள்தான் இருந்தது. ஆக, பதினோரு நாள் குடித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. நாலாவது மாடிப் பெண்ணிடம் எல்லாக் காகிதத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "மழைக்கு அப்புறம் ஒரு தடவை பாருங்கோ அங்கிள், தண்ணி மட்டம் ஏறினால் மாறும்" என்றாள். சரிதான். ஒரு நாள் பிடித்த தண்ணீர் அந்த நாளைப் பற்றித்தான் சொல்லும். போர்வெல் இப்போது மறுபடியும் டாய்லெட்டுக்கும் செடிக்கும்தான்.

எதையெல்லாம் பார்ப்பது என்று போனில் பலர் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க யாராலும் முடியாது. உங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது, முன்னால் என்ன இருந்தது என்று முதலில் விசாரியுங்கள். முலாம் பூசும் பட்டறை என்றால் குரோமியம், நிக்கல், சயனைடு. தோல் ஷெட் என்றால் குரோமியமும் உப்பும். பாட்டரி உடைக்கும் இடம் என்றால் ஈயம். பெட்ரோல் பங்க், ரிஃபைனரி என்றால் பென்சீன். மருந்து, பெயின்ட் கம்பெனி என்றால் கரைப்பான்கள். செம்பூர், மணலிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய தபால்காரர், பழைய ரேஷன் கடைக்காரர் இவர்களைக் கேட்டால் முப்பது வருஷத்துக்கு முன் அங்கே எந்தக் கம்பெனி இருந்தது என்று சொல்வார்கள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆர்.ஓ. இருந்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. உலோகங்களைப் பெரும்பாலும் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் சின்ன மூலக்கூறாக இருக்கும் சில கரைப்பான்கள் அந்தச் சவ்வைத் தாண்டிவிடும். அவற்றைப் பிடிப்பது கூட இருக்கும் கார்பன்தான், அதுவும் நிறைந்து போகாமல் இருக்கும் வரை. கார்பனை எப்போது மாற்றினோம் என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஈயமும் குரோமியமும் காய்ச்சக் காய்ச்சச் சுண்டி, அடர்த்திதான் ஆகும், ரசம் மாதிரி.

சிலவற்றுக்கு நம் தர நிர்ணயத்தில் வரியே கிடையாது. ஒட்டாத வாணலிப் பூச்சுத் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்று ஒரு வஸ்து. அமெரிக்காவில் 2024-ல் அதற்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தார்கள். ஒரு கிராம் 25 கோடி லிட்டருக்கு வரும். 2012-ல் வெளியான நம் ஐ.எஸ். 10500 பதிப்பில் அந்தப் பெயரே இல்லை. இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் என் மாட்டுப்பெண்ணே, "அப்பா, அப்போ எதைத்தான் குடிக்கறது?" என்கிறாள். தெரிந்ததை முதலில் பார்ப்போம் என்பதுதான் நான் அவளுக்குச் சொன்னது.

பணம் ஒரு பிரச்னைதான். ஆனால் நாற்பத்தெட்டு வீடு சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு சினிமா டிக்கெட் அளவுகூட வராது. ஊரில் சொந்த வீட்டுக் கிணறு உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2021-லிருந்து ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் சர்க்கார் லேப்களைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள், கட்டணம் குறைவு. கிராமங்களில் பெண்களுக்குக் கையடக்கப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பழக்கியும் இருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பெட்டி ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றுக்குத்தான். தொழிற்சாலை ரசாயனத்துக்கு லேபுக்குத்தான் போக வேண்டும், போய்ப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

மழை முடிந்து அக்டோபரில் எங்கள் பில்டிங் போர்வெல்லோடு, பக்கத்து இரண்டு சொஸைட்டிகளிலும் சேர்த்துப் பிடிப்பதாக இருக்கிறோம். நாலாவது மாடிப் பெண் லிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை பதின்மூன்று வரி இல்லை, முப்பத்தொன்று. உங்கள் சொஸைட்டியும் சேர விரும்பினால் வாசலில் நோட்டு வைத்திருக்கிறேன், பெயரும் பில்டிங் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். லேப் பாட்டில்களை நானே வாங்கி வந்துவிடுகிறேன். யாரும் பிஸ்லேரி பாட்டிலில் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். கேள்வி இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்; ஒன்றிரண்டுதான், உள்ளே கேசரி ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.